தீவனக் கஞ்சி

கோழித் தீவனக் கம்பெனி நல்ல விலை கொடுத்ததால் ஊரே மக்காச்சோளத்துக்கு மாறியது. நெட்டச்சி என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான பெண்ணும் பயறு விதைப்பதை விட்டாள். அதன்பிறகு சாப்பாட்டுச் சாமானெல்லாம் லாரியில்தான் வந்தது.

ஒரு பெருமழையில் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. லாரி நின்றது, கடைகள் காலியாகின; விளைந்த மக்காச்சோளமோ ஏற்கெனவே கம்பெனிக்குப் போயிருந்தது. நெட்டச்சி தன் கோழிக் கொட்டகையில் நனைந்து கிடந்த தீவன மூட்டையைப் பிரித்து, இடித்துக் கஞ்சி காய்ச்சினாள்.

“கோழிக்குப் போடறதை எனக்கு ஊத்துறியா?” என்றான் காய்ச்சலில் கிடந்த புருஷன்.

“கோழியெல்லாம் தண்ணியோட போச்சு. நாமதானே மிச்சம், குடிங்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பாலம் சரியாவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

அடுத்த பருவத்துக்கு விதைப் பயறு கேட்டு அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாரிடமும் ஒரு பிடிகூட இல்லை. மறுபடியும் மக்காச்சோளத்தையே ஊன்றினாள்.