பிளாசிதா வீட்டுத் திறந்த கதவு

சீப்பா ரொட்டி விற்கும் பிளாசிதாவைப்போல், நாட்டை ஆண்ட ஜெனரலுக்குச் சம்பளமில்லாமல் பிரசாரம் செய்த ஆள் பராகுவே முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்காது. உள்நாட்டுச் சண்டையில் தகப்பனைப் பறிகொடுத்தவள். "இப்போ கதவைத் திறந்துபோட்டுத் தூங்குறோமா இல்லையா? அது யாரால?" என்று கூடையை இறக்கும் இடமெல்லாம் கேட்பாள். அவள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

ஒரு மதியம் வீட்டு மாமரத்தடியில் தெரெரே குடிக்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: அவள், மகன் லிப்ராதோ, அவனுடைய ஞானத்தகப்பன் எவாரிஸ்தோ. அந்த வட்டாரத்தில் ஜெனரலின் கட்சிக்கு எவாரிஸ்தோதான் தலைவர். மாட்டுக்கொம்பில் இலைத்தூள், குளிர்ந்த தண்ணீர், எல்லோருக்கும் ஒரே குழல். போதும் என்று எழும்போதுதான் நன்றி சொல்வது அங்கே வழக்கம்.

"ஓட்டுப் போடுற அன்னைக்கு நெருக்கடிச் சட்டத்தை எடுக்குறாங்க, மறுநாளே திரும்பப் போடுறாங்க. சட்டத்துக்கு அன்னைக்கு லீவு போல" என்றான் லிப்ராதோ.

எவாரிஸ்தோ வயிறு குலுங்கச் சிரித்தார். "உன் பையனுக்கு வாய் ஜாஸ்தி, பிளாசிதா." அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த வாரமே போலீஸ்காரர்கள் வந்தார்கள். கதவைத் தட்டும் வேலைகூட அவர்களுக்கு இருக்கவில்லை; லிப்ராதோவை இழுத்துக்கொண்டு போனார்கள். அலறியடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடியவளிடம் சார்ஜென்ட் பல் குத்திக்கொண்டே கேட்டான்: "சட்டத்துக்கு லீவாமே? நல்லாத்தான் பேசுறான் உன் புள்ள."

அன்று மாமரத்தடியில் இருந்தது மூன்றே பேர். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேரே எவாரிஸ்தோ வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கொம்பை நீட்டினார். "மனசைத் தேத்திக்கம்மா. திரும்ப அந்தச் சண்டை வரணுமா? உங்கப்பா மாதிரி இன்னும் எத்தனை பேர் சாகணும்? இப்போ கதவைத் திறந்துபோட்டுத் தூங்குறோமா இல்லையா?"

அத்தனையும் அவள் சொன்னவை. ரொட்டியோடு சேர்த்து ஊர் ஊராக அவளே விற்றவை. ஞானஸ்நானத்தன்று பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற பாவி, அதையே அவள் வாயில் திணித்தான். ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுக் கொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நன்றி அண்ணே."

"ஒரு வாய்தானே குடிச்சே?"

"போதும்ணே. உங்ககூடக் குடிச்சது போதும்."

வழியில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள். ஆனால் பொருத்தவில்லை. பையன் எந்த நேரத்தில் வந்து நிற்பானோ, கதவு சாத்தியிருந்தால் பயந்து திரும்பிப் போய்விடுவானோ என்று விட்டுவிட்டாள்.

அடுத்த தேர்தலுக்கு எவாரிஸ்தோ அதே தெருவில் மேடை போட்டார். "அதோ பாருங்க, பிளாசிதா வீடு. தனியா இருக்குற பொம்பள. ராத்திரியிலயும் கதவைச் சாத்துறதில்ல. அமைதின்னா இதுதான்யா" என்றார்.

கூட்டம் கைதட்டியது. தலையில் கூடையோடு அவளும் அங்கேதான் நின்றாள். லிப்ராதோ இன்னும் வரவில்லை.