முதல் தடத்தில் வலை

எங்கள் வீட்டில் இதைச் சொல்லும்போது ஆளுக்கொரு நாள் சொல்வார்கள். அம்மா சித்திரைப் பௌர்ணமி என்பாள். அத்தை ஏதோ ஒரு திங்கட்கிழமை என்பாள். இரண்டும் தவறு. நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த கோடையில், சித்திரை அமாவாசைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நடந்தது. அன்றைக்குத்தான் நைனாவின், அதாவது என் அப்பாவின், பாடு என்பதால் இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

பாடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் இடங்கள் சிலதான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அந்த நாளில் அந்தத் தண்ணீர் அவருடையது. அவர் விட்டால்தான் இன்னொரு படகு அதைக் கடக்கலாம். விழுந்த சீட்டை மாற்றி எடுக்கும் பேச்சே கிடையாது. ஒருவருக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள், பிறகு அடிதடிதான்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. அப்போது இருபது வயது. ஒரு முழங்காலை ஊன்றி ஒரே பக்கம் துடுப்புப் போடும் கனோ படகில் பந்தயம் ஓட்டுகிறவள். உட்கார்ந்துகொண்டு இருமுனைத் துடுப்பால் ஓட்டுவது கயாக். எங்கள் குப்பத்தில் இன்றும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெண்களுக்கும் கனோ போட்டி ஒலிம்பிக்கில் உண்டு என்று அறிவித்திருந்த காலம் அது. முதல் பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு இருட்டும் வேளையில் திரும்புவாள். பெண்பிள்ளை படகில் மண்டிபோட்டால் ஏரியில் மீன் சிறுக்கும் என்று சொன்னவர்களிடம், மீனுக்கு அவ்வளவு வெட்கமா என்று கேட்டவள்.

அந்த மாசியில் பெண் பார்க்க வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து நைனா அவளோடு பேசவில்லை. அம்மா வழியாக ஒரு நிபந்தனை மட்டும் வந்தது. அடுத்து நடக்கும் தேர்வில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் வடநாட்டுப் பயிற்சி முகாமுக்குப் போகட்டும். வராவிட்டால் துடுப்பை ஓரங்கட்டிவிட்டு ஆவணியில் கழுத்தை நீட்ட வேண்டும். அத்தை சரி என்றாள்.

வழக்கமாகத் தேர்வு நடக்கும் சென்னை ஏரி அந்த வருஷம் வற்றிவிட்டது. அதனால் அதிகாரிகள் எங்கள் ஏரிக்கு வந்தார்கள். திருப்பாலைவனம் தாண்டி லாரியில் படகுகள் வந்தன. இருநூறு மீட்டருக்கு ஆறு தடங்களை மிதவை கட்டிப் பிரித்தார்கள். மேலிடத்துக் கடிதம் கையில் இருந்ததால் ஊரில் யாரையும் கேட்கவில்லை. முதல் தடத்தின் கடைசிப் பகுதி நைனாவின் பாட்டுக்குள் போயிருந்ததை, விடிந்து அவர் வலை கட்டிய பிறகுதான் பார்த்தார்கள். வலையின் மேல்கயிறு தண்ணீர் மட்டத்தில் தடத்துக்குக் குறுக்கே கிடந்தது. தடங்களை மேற்கே நகர்த்தலாம் என்றால் அங்கே முட்டளவுதான் ஆழம்.

வலையை எடுக்கச் சொன்னார்கள். நைனா படகில் நின்றபடியே கடிதத்தைப் பார்த்தார்.

"இதுல என் பாட்ட பத்தி இன்னா எழுதியிருக்குது சார்?"

ஒரு நாள்தானே என்றார் அதிகாரி.

"ஒரு நாள்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. எடுக்க மாட்டேன். போலீச இட்டுனு வா."

அத்தையைத் தோற்கடிக்கத்தான் இந்தப் பிடிவாதம் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதற்கு ஏற்றாற்போல் தடத்துக்குச் சீட்டு எடுத்தபோது முதல் தடம் அத்தைக்கே விழுந்தது. மறுபடி சீட்டு எடுக்கலாம், அல்லது அவள் மட்டும் பிறகு வேறு தடத்தில் தனியாக ஓட்டட்டும், நேரத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று நடுவர் இறங்கிவந்தார். நல்ல மனிதர். மற்ற ஐந்து பெண்களில் யாராக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

"வுழுந்தது வுழுந்ததுதான் சார். எங்கண்ணன் வல தப்பான எடத்துல இல்ல. உங்க மெதவதான் தப்பான எடத்துல கீது."

அவள் சொந்தப் பொறுப்பில் ஓட்டுவதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பந்தயம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. நூற்றைம்பது மீட்டர் வரை அத்தை இரண்டாவதாக வந்தாள். ஒவ்வொரு துடுப்புக்கும் படகின் மூக்கு துள்ளியது. வலை நெருங்கியது. கனோவுக்கு அடியில் சுக்கான் இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் முறுக்கேறிய கயிறு அந்த மெல்லிய படகைப் புரட்டிப் போட்டுவிடும். அப்போது நைனா தன் படகோட்டும் கழியை எடுத்தார். சரியாக அத்தை வரும் இடத்தில் அதை ஓங்கித் தண்ணீருக்குள் இறக்கினார். நான் அலறினேன். அத்தை துடுப்பைத் தூக்கிப் பிடித்தாள். படகு ஆடியது, தாண்டியது. இரண்டு துடுப்பு வீச்சு வீணானதில் ஒருத்தி அவளை முந்தினாள். மூன்றாவதாக முடித்தாள்.

அதோடு முடியவில்லை. நான்காவதாக வந்த பெண்ணின் பயிற்சியாளர் ஓடிவந்தார். அந்த ஆள் கழியை நீட்டி இவளுக்கு உதவினான், வெளியாள் உதவினால் படகை நீக்க வேண்டும் என்றார். நடுவர் கரையில் நின்றவர்களைக் கேட்டார். பெண்பிள்ளை படகு ஏறக்கூடாது என்று ஆறு மாதமாகக் கத்திய பெரியவர் உட்பட அத்தனை பேரும், இறாலைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்கள்போல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு நடுவர் முன்னால் போய் நின்றேன்.

"எங்க நைனா ஒண்ணும் ஒத்தாச பண்ணல சார். அத்தய கவுக்கப் பாத்தாரு. நான் பாத்தேன். அவருக்கு அவங்க தோத்துப்போவணும் சார்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நடுவர் நைனாவைப் பார்த்து, பெற்ற மகளே இப்படிச் சொல்கிறாளே, உண்மையா என்று கேட்டார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். மறுக்கவில்லை. பிறகு நடுவர் அத்தையைக் கேட்டார். அவள் ஈரத் துடுப்பைத் தோளில் சாய்த்தபடி, "கொழந்த பொய் சொல்லாது சார்" என்றாள். புகார் தள்ளுபடியானது.

வைகாசியில் அத்தை முகாமுக்குப் போனாள். பிற்பாடு இந்தியச் சட்டையோடு வெளிநாட்டு நீரிலும் ஓட்டினாள். அந்தத் தேதிகளெல்லாம் என்னிடம் உண்டு. நைனாவோடு நான் பதினோரு நாள் பேசவில்லை. தங்கச்சியைக் கவிழ்க்கப் பார்த்தவன் என்று பக்கத்துக் குப்பங்களில் அவரைக் கேலி செய்தபோதும் அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு வெட்கமே இல்லை என்றுதான் நினைத்தேன்.

கயிற்றைத் தூக்கினால் படகு கவிழும். அமுக்கினால் வழி கிடைக்கும். ஏரியோரத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நைனாவின் கழி கயிற்றோடு கீழே போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். கவிழ்க்கத்தான் பார்த்தார் என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருந்தாலும் நடுவர் நம்பியிருக்க மாட்டார். பெற்ற மகள் அழுததைத்தான் நம்பினார். ஊரே சேர்ந்து எதற்காக என் முகத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.