ரோஸ் பொட்டு வைத்த முப்பது நத்தைகள்

கடற்கரை சர்வே வேலையில் சேர்ந்த இரண்டாம் நாளே ஓர் அப்பாவிக்குத் திருட்டுப் பட்டம் கட்டினேன்.

முதல் நாள், மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாறைக் குட்டைகளில் முப்பது நத்தைகளுக்கு மார்க்கிங் செய்தேன். பாறையெல்லாம் ஒட்டிக் கிடக்குமே, அந்தச் சாதாரணக் கறுப்பு நத்தைதான். ஓட்டைத் துடைத்து, நெயில் பாலிஷால் ரோஸ் பொட்டு வைத்து, காயும்வரை ஊத வேண்டும். அங்கே தூண்டில் போடும் ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாக்கா, நத்தைக்குக் கண்ணாலமா?"

மறுநாள் புராஜெக்ட் மேடம் வருவார். பொட்டு வைத்ததில் பாதி நத்தையையாவது தேடிக் காட்டினால்தான் எனக்குக் கடற்கரை வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஊரப்பாக்கம் ஆபீஸில் பழையபடி டேட்டா என்ட்ரி. எட்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அலுத்தவள் நான். எடுத்த இடத்திலேயே விட வேண்டிய நத்தைகளை, கடல் ஜீவனுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று, ஆழமான குட்டையின் அடியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனேன்.

காலையில் குட்டையில் ஒன்றுகூட இல்லை. முழங்கால் தண்ணீரில் துழாவினேன். நண்டுதான் ஓடியது. பக்கத்தில் ஏழுமலையின் இரை டப்பா இருந்தது. எனக்குச் சுரீரென்றது.

"ஏழுமல, இரைக்கு எடுத்துட்டியா? உண்மையச் சொல்லு!"

"பேஜாரு பண்ணாதக்கா. தொறந்து நீயே பாரு, எறாதான் கீது."

இறால்தான் இருந்தது. அதற்குள் மேடமும் வந்துவிட்டார்.

"நத்தை எங்கம்மா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாறை நிழலில் பொத்தென்று உட்கார்ந்தேன். முகத்துக்கு நேரே பாறை வெடிப்பில் ஒரு ரோஸ் பொட்டு! அதன் பின்னால் இன்னொன்று. அடடா, தண்ணீருக்கு இரண்டடி மேலே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. மூழ்கிக் கிடக்கப் பிடிக்காமல் தாமாகவே ஏறி வந்திருக்கின்றன.

"மேடம், இங்க! இங்க இருக்கு!" என்று நான் போட்ட கூச்சலில் காக்கையெல்லாம் பறந்தன.

இருபத்தாறு கிடைத்தன. மேடம் சிரித்துவிட்டார். "தண்ணியில வைக்கச் சொன்னது யாரும்மா? சரி, நாளைக்கு நேரா இங்கயே வந்துருங்க."

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஓர் உயிருக்கு எது நல்லது என்று நாமே முடிவு கட்டாமல், அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் புதிதாக வருபவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

ஏழுமலையிடம் போய், "தப்புதான், மன்னிச்சுக்க" என்றேன். முறைத்தார். பிறகு தூண்டில் தக்கையை நீட்டினார்.

"மன்னிப்பு இன்னாத்துக்கு? இதுக்கும் அந்தக் கலரப் பூசிக் குடு. அலையில கண்ணுக்கே தெரியல."

பூசி, காயும்வரை ஊதிக் கொடுத்தேன். காலையெல்லாம் தண்ணீரில் நான் தேடிய ரோஸ் பொட்டு, கடைசியில் அலைமேல் ஜம்மென்று மிதந்தது.