நண்பனின் அம்மா உட்கார்ந்த கல்லறை

கல்லறைத் திருநாளன்று கல்லூரி நண்பன் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே, சோளக்காடுகளுக்கு நடுவில் பழைய மாதா கோயில். ஓட்டுக்கூரை, அகலச் சுவர். பின்னால் வேப்பமர நிழலில் கல்லறைகள். ஊரே அங்கே இருந்தும் சத்தமில்லை. சாமியார் கல்லறைகளை மந்திரிக்க வருவதற்குள் எல்லோரும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் அப்பாவும் என் அப்பாவைப் போலக் காட்டுவேலைக்குப் போனவர்தான். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் செத்துப்போனார்கள்.

"பேரை நீ எழுதுடா. உன் கையெழுத்துத்தான் நல்லாருக்கும்" என்று கறுப்புப் பெயின்ட்டைக் கொடுத்தான். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். எழுதினேன், அவன் அப்பாவின் பெயரை.

பெயின்ட் காய்ந்ததும் அவன் அம்மா வந்து, கட்டில் ஓரத்தில் உட்காருவதுபோல் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, மாடு கன்னு போட்டிருக்குதுங்க. நீங்க இருந்திருந்தா இந்நேரம் வித்துப்போட்டிருப்பீங்க."

"இங்க வந்துமா அப்பாவை உடமாட்டே?" என்றான் நண்பன்.

"நீ சும்மாரு. அப்பெல்லாம் எங்க கேட்டாரு? இப்பத்தான் எந்திரிச்சுப் போகாமக் கேக்கறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அப்பாவை எடுத்த அன்றைக்கு என் அம்மாவைத் தெருமுனையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவைப் புதைத்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை.

கிளம்பும்போது நண்பனின் அம்மா ஒரு மெழுகுவத்தியை என் கையில் வைத்தார். "உங்கப்பாவுக்குங் கண்ணு."

வீட்டில் கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"அந்தம்மா அங்கயே உக்காந்து பேசுமா?"

"வருசா வருசம்."

அடுப்பைத் தணித்துவிட்டு, "என்னைய அப்பாகிட்டக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள்.

"பெரியப்பா சத்தம் போடுவாரும்மா."

"போடட்டும். அவரப் பாக்கவா நான் போறேன்?"

மறுநாள் விடியற்காலையில் மயானத்துக்குப் போனோம். மழையில் மேடுகளெல்லாம் கரைந்து, எங்கும் ஒரே புல். அடையாளத்துக்கு நட்ட கல்லையும் காணோம். வேலமரம் மட்டும் ஞாபகம் இருந்தது.

"எங்கடா?"

நண்பன் நினைவுக்கு வந்தான். அவன் இப்படித் தேடவேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டே போய் நிற்பான்.

"இங்கதாம்மா" என்று மரத்தடியைக் காட்டினேன்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். மெழுகுவத்தியை ஊன்றிப் பற்றவைத்தாள். "ஏனுங்க" என்று ஆரம்பித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அக்கட்டால போ."

தள்ளிப்போய் நின்றேன். அப்பா நாலடி அந்தப் பக்கமாகவும் இருக்கலாம்.