டேப்பின் மறுமுனை

ஒரு மண்டபத்தைக் காப்பாற்றப் போய், முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒரு பெண்மணியின் கழிவறை வேலையை நிறுத்தியவன் நான். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. மண்டபத்தைக் காப்பாற்றியதை மட்டும் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறேன்.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசையும், மேசைக்கு எதிரே ஒரு பீரோவும் உண்டு. வாரநாள்களில் அந்தப் பீரோவைப் பார்த்துக்கொண்டிருப்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாற்றறிஞன் ஆகிவிடுவேன். தொப்பி, தோள்பை, நோட்டு, முப்பது மீட்டர் டேப். நடுவயதில் சிலருக்குச் சர்க்கரை வருகிறது. எனக்குக் கல்தூண் வந்தது. சர்க்கரையும் வந்தது, அது வேறு கதை.

கீழ்பென்னாத்தூர்ச் சாலையிலிருந்து விலகி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். கார்த்திகை தீபத்துக்கு நடந்து வந்தவர்கள் தங்கிப் போகக் கட்டிய பதினாறுகால் மண்டபம் அதன் கோடியில் இருக்கிறது. ஒரு தூணில், தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு விழிக்கும் குரங்கு ஒன்று. அதைக் கண்டதும் எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது.

மண்டபத்துக்குள் கடலை காய்ந்துகொண்டிருந்தது. முப்பது அடி தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டம்மா, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நான் கேட்காமலே கடலையை ஒரு பக்கமாக ஒதுக்கித் தந்தார், தூணைத் துடைத்தார், டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பதினாறு தூணுக்கும் பிடித்தார். கடைசித் தூணில்தான் கேட்டார்:

"சார், கக்கூஸு எந்தப் பக்கம் வருது?"

டேப்பும் நோட்டுமாக ஒருவன் வந்தால் அந்த ஊரில் அது கழிவறைத் திட்டத்துக்கு அளவெடுப்பதுதான். அதற்கு முன் டேப்போடு வந்த எல்லோரும் அதற்குத்தான் வந்திருந்தார்கள்.

"முட்டி தேஞ்சி போச்சு சார். ஆபரேசன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. வெஸ்டர்னா வெச்சிக் குடுப்பாங்களா?"

"நான் அதற்கு வரவில்லை அம்மா" என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் மண்டபத்தின் சுற்றளவு பாக்கி இருந்தது. "பாக்கலாம்மா" என்றேன். அவர் மறுமுனையோடு மகிழ்ச்சியாக நடந்தார்.

பிறகு கைப்பேசியை வண்டி சீட்டில் சாய்த்து, டைமர் வைத்து, நான் டேப் பிடித்து நிற்கும் படம் ஒன்று எடுத்தேன். படம் அருமை. இடது ஓரத்தில் மட்டும் ஒரு குட்டைச் சுவர், தகரக் கதவு போட்ட பழைய கழிவறை, டேப்பின் மறுமுனையோடு சிரிக்கும் அந்த அம்மா. வரலாற்றுக்கு அது பொருந்தவில்லை என்று தோன்றியது. வெட்டிவிட்டேன். மண்டபத்தைப் பாதுகாக்கக் கோரி எழுதிய மனுவில், "மனித சஞ்சாரமற்ற வெட்டவெளியில், கேட்பாரற்று" என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஓசை நயத்துக்காகத்தான்.

மூன்று மனு, இரண்டு வருடம். ஒரு நாள் மண்டபம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. செய்தித்தாளில் என் படத்தோடு வந்தது. கத்தரித்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினேன். என் மனைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாதான் இருக்குது. டேப்பு நீட்டிக்கினு எங்கியோ போவுதே, அந்தப் பக்கம் யாரு புடிச்சிக்கினு இருக்காங்க?"

"யாரோ" என்றேன்.

சில வாரம் கழித்து, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நீலப் பலகை நட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு, அதனோடும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிறு போனேன். மண்டபத்தில் கடலை இல்லை. சுற்றிலும் கம்பி வேலி. அந்த வீட்டின் பக்கவாட்டில் இடுப்பு உயரச் செங்கல் சுவர் ஒன்று பாதியில் நின்றது. அதன் அருகே கோணி சுற்றிய ஒரு வெஸ்டர்ன் பீங்கான். அதன்மேல் ஒரு கோழி.

அந்த அம்மா கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார், எம்மா நாளாச்சு! நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்துட்டு நாங்களே ஆரம்பிச்சுட்டோம். இடுப்பு வரிக்கும் வந்துச்சு. நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"போர்டு வெக்க வந்தவங்கதான். நூறு மீட்டருக்குள்ள ஒரு செங்கல்லு வெக்கக் கூடாதாம். எவனோ படிச்சவன் எழுதிப் போட்டானாம் சார். ஏன் சார், அவன் வூட்ல கக்கூஸு இருக்குமில்ல?"

இருந்தது. இரண்டு.

பழையதை, புதியது கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். அறுவை முடிந்த காலை மடக்கிக் குந்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு தெரு தள்ளி நாத்தனார் வீட்டில் வெஸ்டர்ன் இருக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் அங்கேதான் போய்வருகிறார். "மழை பேஞ்சா அந்தச் சேத்துல இந்தக் கம்பு நிக்கல சார். போன வாரம் வுழுந்துட்டேன்" என்று முழங்கையைக் காட்டினார். சிராய்ப்பு காய்ந்திருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாக்கலாம்மா" என்றேன். அந்த வீட்டு வாசலில் நான் சொன்ன இரண்டாவது "பாக்கலாம்" அது. பலகையோடு படம் எடுக்கவில்லை என்பதை என் நற்குணங்களில் ஒன்றாகக் குறித்துக்கொள்ள முயன்றேன். அந்தக் கணக்கு நிற்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பாதுகாக்கப்பட்ட சின்னங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். இளம் வயது அதிகாரி, பெண். மரியாதையாக உட்காரவைத்தார்.

"புதுசா கட்ட முடியாது சார். ஆனா ஏற்கெனவே இருந்ததைச் சீரமைக்கிறதுன்னா அனுமதி கேக்கலாம். முன்னாடி அங்க கழிவறை இருந்துச்சுன்னு ஆதாரம் வேணும்."

"இருந்ததுங்க. நானே பார்த்தேன்."

அவர் கோப்பைப் புரட்டி, மூன்றாவது பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "பக்கத்துல ஆளே இல்லன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? நல்லா எழுதியிருந்தீங்க சார். எங்க ஆபீஸ்ல சத்தமாப் படிச்சோம்."

வரும் வழியெல்லாம் அந்த வரி காதில் ஒலித்தது. ஓசை நயம் உண்மையிலேயே இருந்தது. தன் வாலைத் தானே பிடித்து விழிக்கும் அந்தத் தூண் குரங்கு யாருக்குச் சொந்தம் என்றும் புரிந்தது.

வீட்டுக் கணினியில் வெட்டாத படம் கிடந்தது. தகரக் கதவு, குட்டைச் சுவர், அந்த அம்மா, எடுத்த தேதி. அதைக் கொடுத்தால் கழிவறை கிடைக்கும். கூடவே, நான் மனுவில் பொய் எழுதினேன், படத்தை வெட்டினேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இருபது வருடமாக ஊரார் உயிரை வாங்கும் கட்டுரைகளை ஒரே மூச்சில் எழுதியவனுக்கு, அந்த அரைப்பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. முதல் வரைவில் "கவனக்குறைவால்" என்று இருந்தது. இரண்டாவதில் "இடநெருக்கடியால்". மனைவி வாங்கிப் பார்த்து, "வெட்டுனேன்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

விண்ணப்பத்தில் அந்த அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். இந்த முறை சொல்லிவிட்டேன், எழுதிப் போட்ட படிச்சவன் நான்தான் என்று. அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி உரித்து முடித்தார். பிறகு படத்தை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல நான் இருக்கிறேனே."

"ஆமாம்மா."

"பேப்பர்ல வந்ததுல?"

"இல்ல."

"ஏன், நல்லாத்தானே சிரிச்சிக்கினு இருக்கிறேன்?"

நான் விண்ணப்பத்தை நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மோர் கொடுக்கவில்லை. முந்தைய இரண்டு தடவையும் கொடுத்திருந்தார்.

என் அரைப்பக்கமும் கோப்பில் சேர்ந்தது. அலுவலகத்தில் அதையும் சத்தமாகப் படித்திருப்பார்கள். அனுமதி ஐந்து மாதம் கழித்து வந்தது; பழைய அளவுக்குள், பழைய இடத்தில். அந்த ஐந்து மாதத்தில் ஒரு மழைக்காலம் முழுதாக அடங்கும்.

வேலை மறுபடி ஆரம்பித்த அன்று போனேன். வெளியூர் மேஸ்திரி ஒருவர், என்னை முன்பின் பார்க்காதவர், அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆள் போதவில்லை. "சார், அந்த முனையைக் கொஞ்சம் புடிங்க" என்று டேப்பை நீட்டினார். பிடித்தேன். கோழி எச்சத்தின் மேல் குந்தித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. என் முழங்கால் இரண்டு தடவை சொடுக்கிற்று. அந்த அம்மா கம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரைச் சுற்றி வந்து டேப்பைச் சுருட்டும்போது மேஸ்திரி குரலைத் தணிக்காமலே கேட்டார்: "யாரும்மா இவரு? சொந்தக்காரரா?"

"அய்ய, இல்லப்பா. கக்கூஸுக்கு அளவெடுத்துட்டுப் போனாரே, அந்த சாரு. இப்பத்தான் வர்றாரு."