சாமி படத்துக்குப் பின்னால் ஒரு கடிதம்

கனடா வந்து நான்கு மாதத்தில் எனக்கென்று சொந்தமாகக் கிடைத்தது ஒரு தகரப் பெட்டி. அடுக்குமாடியின் வாசலில், என் பெயர் ஒட்டிய தபால் பெட்டி. பரம்பரையில் முதன்முதலாக விலாசம் உள்ளவன் நான்தான். அந்தப் பெருமையோடு நேற்றுத் திறந்தால், உள்ளே யாரோ ஒரு பெண்மணிக்கு வந்த கடிதம்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணையிடம் காட்டினேன்.

"முந்தி இருந்த ஆக்களின்ர கடிதம் தம்பி. திருப்பி அனுப்பெண்டு எழுதிப் பெட்டியில போடுங்கோ. அது சரி, நீங்கள் எந்த இடம்?"

"தலவாக்கலைப் பக்கம்."

"ஓ, தேயிலையோ! அப்ப இந்த நாட்டுக் குளிர் உங்களுக்குப் பிரச்சினை இல்லை."

என் தகுதிகளில் இந்த நாடு ஒத்துக்கொண்டது இதுவரை அந்த ஒன்றைத்தான்.

எங்கள் தோட்டத்தில் இருநூறு குடும்பங்களுக்கும் ஒரே விலாசம்: தோட்டத்தின் பெயர். கடிதம் ஆபிசுக்கு வரும். பெரிய கிளாக்கர் பெயரைப் பார்த்து, எந்த வரிசை வீட்டு லயத்துக்கு என்று தோன்றுகிறதோ அந்த லயத்துக்கு அனுப்புவார். மலைமேல் பிரிவான மேல்கணக்கில் என் பெயரிலேயே இன்னொருவன் இருந்தான். அவன் அப்பாவும் முருகையா, என் அப்பாவும் முருகையா. பெயர் வைப்பதில் எங்கள் ஆட்கள் அவ்வளவு சிக்கனம்.

உயர்தரம் பாஸ் பண்ணி, ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பித்துவிட்டு, நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் கொழுந்துக் கூடை தூக்காத முதல் ஆளாக நான் ஆவேனா என்பது அந்தக் கடிதத்தில் இருந்தது. கடிதமோ மேல்கணக்கு முருகையா மாமாவின் வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் மகன் கொழும்பில் கடை வேலையில். தீபாவளிக்கு வந்தவன் படத்தைத் துடைக்கப்போய்க் கண்டெடுத்தான். தேர்வு முடிந்து பதினோரு நாள்.

மாமா மூச்சு வாங்க இறங்கி ஓடி வந்தார்.

"ஏங்க மாமா, பிரிச்சுப் பாக்கக் கூடாதா?"

"கவுருமெண்டு கடுதாசி தம்பி. பிரிச்சா வில்லங்கம். அதான் சாமிகிட்ட வச்சு, தெனமும் துன்னூறு போட்டேன்."

என் அப்பா சொன்னார்: "சாமியாச்சும் படிச்சிருக்கலாமில்ல?"

மறுநாள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையை விட்டுவிட்டு, கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, மாமா என்னோடு நுவரெலியா அலுவலகத்துக்கு வந்தார். எனக்கு முன்னால் நின்று, தெரிந்த சிங்களத்தில் வாதாடினார். "மாத்தயா, வெரதி மகே. தப்பு என்னோடது. பையன் மேல தப்பில்லைங்க." கடித உறையை ஆதாரமாக நீட்டினார். அதிகாரி விரலில் ஒட்டிய திருநீற்றைக் கைலேஞ்சியால் துடைத்தபடி, அடுத்த வருடம் விண்ணப்பிக்கச் சொன்னார். அடுத்த வருடம் எனக்கு வயதெல்லை தாண்டிவிடும் என்பது அவருக்கு முன்னால் இருந்த தாளிலேயே இருந்தது. பெரிய அதிகாரிகள் சின்ன எழுத்து வாசிப்பதில்லை.

வாத்தியாராக முடியாதவன் பத்திரிகைக்கு எழுதப் போனேன். எழுத்தாளன் ஆனேன். வாசகர்களுக்கு அதில் குறையிருந்தால் அந்த முருகனைத்தான் கேட்க வேண்டும்.

அதன்பிறகு மாமா வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், தேர்தல் அட்டையோ மகன் அனுப்பியதோ, பிரிக்காமல் முதலில் எங்கள் லயத்துக்குக் கொண்டுவருவார். இருநூற்றுச் சொச்சம் படி. "இது ஒன்னோடதான்னு பாரு தம்பி." பார்த்துச் சொன்னால்தான் ஏறிப் போவார். நான் விமானம் ஏறும் வாரம் வரைக்கும் அப்படித்தான். நான் ஒருநாள்கூட அவரிடம், போதும் மாமா, அது முடிஞ்சு போச்சு என்று சொல்லவில்லை. கோபம் இருந்தது.

இப்போது தோட்டத்தில் வீட்டுக்கு வீடு இலக்கம் அடித்துவிட்டார்களாம். அப்பா போனில் சொன்னார். மேல்கணக்கில் பாதி வீடு பூட்டு. தேயிலைக்குள் காடு ஏறிவிட்டது. மாமா மாசியில் போய்ச் சேர்ந்தார். அவர் கதவுக்கு இலக்கம் வந்தது வைகாசியில்.