தலைக்கு ஊற்றும் நாள்

என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்த பதினோராம் நாள் காலை, கையில் சொம்போடு குளியலறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். எதிரே முக்காலியில் தம்பி மனைவி. வெளியே வாத்தியார், சொந்தபந்தம், எல்லாருக்கும் மேலே என் அம்மா. "ஆச்சாடி?" என்று அம்மா கதவைத் தட்டியபோது வந்த கோபத்தில் சொம்பைக் கதவின் மேலேயே எறிந்திருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தம்பி வேலைக்காகச் சீனாவில் சில வருடங்கள் இருந்தவன். கூட வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்து அழைத்துவந்து ஹைதராபாத் குகட்பள்ளியில் ஃப்ளாட் எடுத்தான். நாங்கள் மூன்று தலைமுறையாக அதே ஊரில் மெட்டுகுடா. தெலுங்கும் உருதும் விழாமல் எங்கள் வாயில் ஒரு தமிழ் வாக்கியம் வராது. ஆனால் சடங்கு என்று வந்துவிட்டால் போதும், அம்மா நேற்றுத்தான் காஞ்சிபுரத்திலிருந்து ரயிலேறி வந்த மாதிரி பேசுவாள்.

தம்பி மனைவி அப்படி இல்லை. அவளுடைய ஊர் வழக்கங்களை அவளே கேலி செய்வாள். நாலாம் எண் ஆகாது என்று அவள் அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டும், நாலாவது மாடியில்தான் வீடு பிடித்தாள். அவர்கள் புது வருஷத்தன்று வீடு பெருக்கக் கூடாதாம். இவள் அன்றைக்கென்று பார்த்துத் துடைப்பத்தை எடுத்து, அதை வீடியோ காலில் காட்டித் தன் அம்மாவை வம்புக்கு இழுத்தாள். அதனால்தான் பிரசவத்துக்குப் பிறகு அவள் செய்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். மே மாதம், ஹைதராபாத் வெயில். காலுக்கு சாக்ஸ், தலைக்கு மேல் ஒரு துணி, குடிக்க வெந்நீர் மட்டும், இஞ்சியும் சிவப்புப் பேரீச்சையும் போட்ட கஞ்சி. ஒரு மாதம் வாசற்படி தாண்டக் கூடாது, காற்று படக் கூடாது, தலையில் தண்ணீர் படவே கூடாது. அவர்கள் ஊரில் இதற்கு மாதம் உட்காருவது என்று பெயராம். அம்மாவுக்கு முதலில் ஒரே பெருமை. "நம்ம பத்தியம் மாதிரியேதான் இருக்கு. காதுல பஞ்சு வெச்சுக்கோன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி அவளே வெச்சுக்கிட்டா" என்று பக்கத்து ஃப்ளாட் வரைக்கும் போய்ச் சொன்னாள். பூண்டுக் குழம்பும் பேரீச்சைக் கஞ்சியும் ஒரே அடுப்பில் சண்டையில்லாமல் கொதித்தன.

சண்டை தலையில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் பதினோராம் நாள் தாய்க்குத் தலைக்கு ஊற்றி, வாத்தியாரை வைத்துப் புண்ணியதானம் செய்தால்தான் தீட்டுக் கழியும். அப்புறம்தான் குழந்தைக்குத் தொட்டில், பேர், எல்லாம். அவளுக்கோ ஒரு மாதம் முடியும் முன் ஒரு பொட்டுத் தண்ணீர் தலையில் படக் கூடாது.

பேசிப் பார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். தம்பி இருக்கிறானே, ஆபீஸில் அத்தனை பேரை மேய்க்கிறவன், வீட்டில் வாயில் கொழுக்கட்டை.

"கைக்கூ, ஏன் இவ்வளவு பிடிவாதம்? டாக்டரே குளிக்கலாம்னு சொல்லிட்டாரே" என்றேன்.

அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள், நிதானமாக. டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியுமாம். ஊரில் அவளுடைய தோழிகளில் பாதிப் பேர் குளிக்கிறார்களாம். வசதியுள்ளவர்கள் இதற்கென்றே இருக்கிற விடுதியில் போய் மாதத்தைக் கழிக்கிறார்கள், அங்கே தலையை அலசி மெஷினில் காயவைத்தும் விடுகிறார்கள் என்றாள்.

"அப்புறம் என்ன?"

"என் அம்மா."

இவள் பிறந்தபோது நல்ல குளிர்காலமாம். பிறந்தது பெண் என்றதும் மாமியார் வீட்டில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. பச்சை உடம்போடு ஆற்றுக்குப் போய்த் துணி துவைத்தாளாம் அவள் அம்மா, பனி கொட்டக் கொட்ட, ஈரத்தலையோடு. அன்றைக்குப் பிடித்த தலைவலி இன்னும் விடவில்லை. அதை மகளிடம் அவள் சொன்னதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். இப்போது விசா கிடைத்திருந்தால் அவளே வந்து மகளுக்குக் காவல் இருந்திருப்பாள். கிடைக்கவில்லை. அங்கிருந்தபடி மகளிடம் கேட்டது இது ஒன்றுதான்.

"தண்ணீர் ஊற்றினால் நான் கத்தமாட்டேன். குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடைத்ததும் எங்கள் ஊருக்குப் போய்விடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்றாள். அவள் மிரட்டுகிற ரகம் இல்லை. கடைக்குப் போகிறேன் என்கிற குரலில் சொன்னாள்.

அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே பூண்டு உரித்தாள். "அவங்க பட்டது பாவம்தான். அதுக்காக என் வீட்டுல தீட்டு கழியாம கெடக்கணுமா? ஊரே வருது. நீயே உள்ள கூட்டிட்டுப் போய் ஊத்து. நாத்தனார் ஊத்துறதுதான் முறை" என்றாள். நக்கோ, முடியாது என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் அம்மாவே சொம்பை எடுப்பாள், அதற்குப் பயந்துதான் இருந்தேன்.

இப்போது அவள் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் சொம்பில் மொண்டு தரையில் ஊற்றினேன். இன்னொன்று. இன்னொன்று. வெளியே கேட்கட்டும் என்று ஓங்கியே ஊற்றினேன். கழுத்துக்குக் கீழே அவளே வெந்நீரில் குளித்தாள். காய்ந்த துண்டை எடுத்து அவள் தலையில் இறுக்கிச் சுற்றினேன்.

"இது பொய் இல்லையா, அக்கா?" என்றாள்.

"பொய்தான். வேண்டாம்னா நீயே போய்ச் சொல்லு."

அவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹாலில் புதுப் புடவையோடு அவளை மணையில் உட்காரவைத்து மடியில் குழந்தையைக் கொடுத்தார்கள். எதிரே ஸ்டூலில் தம்பி போனைச் சாய்த்து வைத்திருந்தான். அதில் அவள் அம்மா, காதை மூடி ஒரு துணிக்கட்டோடு. மகளின் தலையில் சுற்றிய துண்டைப் பார்த்ததும் அந்த முகம் அப்படியே விழுந்துவிட்டது. சே, இதை நான் யோசிக்கவே இல்லை.

அவள் தாழ்ந்த குரலில் சீன மொழியில் என்னவோ சொன்னாள். போனில் அந்த அம்மா இல்லையென்று தலையாட்டினாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே தலையாட்டல், கூடவே கண்ணீர்.

"நனையலைன்னு சொல்றா. அவங்க நம்பலை. தன்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்றான்னு நினைக்கிறாங்க" என்று தம்பி என் காதில் சொன்னான்.

அவள் கை துண்டை நோக்கி எழுந்தது. அத்தனை பேர் நடுவிலும் நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். கை இறங்கிவிட்டது.

அப்போதுதான் சாம்பிராணிப் புகையோடு தூபக்காலை எடுத்துக்கொண்டு அம்மா வந்தாள். தலைக்கு ஊற்றினால் புகை காட்டித்தானே முடியைக் காயவைப்பார்கள். இதையும் நான் யோசிக்கவில்லை. நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் அம்மா அவள் பின்னால் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள்.

முடி பொத்தென்று விழுந்தது. பதினோரு நாள் எண்ணெய்ப் பிசுக்கோடு, சிக்கோடு, காய்ந்த முடி. அம்மாவின் விரல்கள் அதற்குள் போய் நின்றுவிட்டன. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலும் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

ஹாலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அம்மாவின் முதுகு மறைத்திருந்தது. புகையைக் காட்டிக்கொண்டே அம்மா சும்மா இருந்திருந்தால் எல்லாம் முறைப்படி முடிந்திருக்கும். வாத்தியாரும் "ஆச்சாம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார்.

அம்மா போனைப் பார்த்தாள். அதில் அந்த அம்மா தலைக்கட்டின் மேல் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா தூபக்காலைத் தரையில் வைத்தாள். தம்பி மனைவியின் முடியை இரண்டு கையிலும் அள்ளி எடுத்துக்கொண்டு, குனிந்து போனுக்கு முன்னால் கொண்டுபோனாள். விரலால் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்து, கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"நனையலை சம்பந்தி. பாருங்க. ஒரு சொட்டு படலை. உங்க பொண்ணு தலை காஞ்சுதான் இருக்கு" என்றாள். தமிழில்தான் சொன்னாள், தூரத்தில் இருப்பவர்களிடம் பேசுவதுபோல உரக்க. ஹால் முழுக்கக் கேட்டது.

வாத்தியார் பஞ்சபாத்திரத்தைக் கீழே வைத்தார். அத்தை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அப்போ தீட்டு எப்படிக் கழியும்? இந்த வீட்டுல நாங்க எப்படிக் கை நனைக்கிறது?"

அம்மா திரும்பவில்லை. போனில் அழுகை நின்று, அந்த முகம் திரைக்கு ரொம்பக் கிட்டே வந்திருந்தது. அம்மா அடியிலிருந்து இன்னொரு கொத்து முடியை எடுத்துப் பிரித்தாள்.

"போறவங்க போகலாம்" என்றாள். "இவங்க பார்த்து முடிக்கட்டும்."